விதைக்கும் அதே வெங்காயம்

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவருக்கு, டன்னுக்குக் குறைந்தபட்சம் என்ன விலை என்பது அரவைக்கு முன்பே தெரியும். ஒன்றிய அரசு ஒவ்வொரு பருவத்துக்கும் அதை அறிவித்துவிடுகிறது. அதே பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் போட்டவருக்கோ, திண்டுக்கல் சந்தையிலோ திருச்சி மண்டியிலோ மூட்டை இறங்கும்வரை எதுவும் தெரியாது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் சின்ன வெங்காய விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் இது.

வரத்து பெருகினால் கிலோ 20 ரூபாய்க்கும் கீழே சரிகிறது. 2019 டிசம்பரில் 100 ரூபாயையும் தாண்டியது. வியாபாரிகளின் பதுக்கலே காரணம் என்று பேசிவிடுவது சுலபம். பாதிக் காரணம் அந்தச் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெங்காயம் பறித்த பிறகும் உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. தாள் சாய்ந்து காயும்போது, முளைப்பதைத் தடுக்கும் பொருட்கள் இலையிலிருந்து காய்க்குள் இறங்குகின்றன. அதன்பின் சில வாரங்கள் அது உறங்கும். கழுத்துப் பகுதி நன்றாகக் காய்ந்தால் பூஞ்சை நுழைய வழியில்லை. இந்த உறக்கத்தில் ஒரு விந்தை உண்டு. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வெங்காயம் முளைக்காது; 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் எளிதில் முளைக்காது. இரண்டுக்கும் நடுவே, 10 முதல் 20 டிகிரியில்தான் விரைவாக முளைவிடும். குளிர்பதனக் கிடங்கு இல்லாத, இம்மாவட்டத்துச் செட்டிக்குளம் விவசாயிக்கு நம் ஊர் வெயிலே காவல். தரையிலிருந்து சற்று உயர்த்தி, பக்கங்களில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, காற்று குறுக்கே ஓடும்படி அகலம் குறைத்து அமைக்கும் பட்டறை இந்த அறிவியலைத்தான் கையாள்கிறது. சூடு இருக்கலாம், ஈரம் கூடாது. மூன்று நான்கு மாதம் இப்படிக் காக்கலாம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கணக்கு மாறுகிறது. காற்றில் ஈரம் ஏற, பட்டறையில் வேர்விடுகிறது, அழுகுகிறது. வயலில் நிற்கும் பயிரைத் திருகல் நோயும் அடித்தாள் அழுகலும் பிடிக்கின்றன. சந்தைக்கு வரத்து வற்றுகிறது.

சின்ன வெங்காயத்தின் தனிச் சிக்கல் இனிமேல்தான் வருகிறது. இங்கே பெரும்பாலும் விதைப்பது விதையை அல்ல, காயைத்தான். ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் வேண்டும். நெல்லில் விதைநெல்லைத் தனியே எடுத்துவைப்பது போலத்தான் இதுவும். ஆனால் நெல் விதைக்கு ஹெக்டேருக்குச் சில பத்துக் கிலோ போதும். வெங்காயம் கிலோ 20 ரூபாய் என்றால் விதைச்செலவு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். 100 என்றால் 1 லட்சம். சாம்பாருக்குப் போகிற வெங்காயமும் மண்ணுக்குப் போகிற வெங்காயமும் ஒரே குவியலுக்குப் போட்டியிடுகின்றன. விலை உச்சத்தில் இருந்த 2019 டிசம்பரில், இந்த மாவட்டத்தில் நடவுக்கு வைத்திருந்த விதை வெங்காயம் மூட்டை மூட்டையாகத் திருடுபோனது. அப்படிப் பறிகொடுத்த குடும்பம் இழந்தது விற்கும் பொருளை மட்டுமல்ல, அடுத்த விளைச்சலையும்.

விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள். பயிர் எழுபது நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். எல்லார் மூட்டையும் ஒரே வாரத்தில் மண்டி வாசலில் நிற்கும். இந்த ஊசலாட்டத்துக்குச் ‘சிலந்தி வலை’ என்று 1934இல் பெயர் வைத்தார் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர். விலை அதிகமான விதையை வாங்கி நட்டவர், விலை விழுந்த நாளில் விற்கிறார். இந்த வலையில் சிக்குவது அவர்தான்.

ஒரு முடிச்சையாவது அவிழ்க்க வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும். நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி நடலாம். நாளும் உழைப்பும் கூடுதலாகும். காய் நட்டே பழகிய கைகளுக்கு நாற்று நடவு புதிது. ஆனால் பட்டறையில் 1 டன் அடைத்து, மழைக்கு அஞ்சிக் காவல் காத்த இடத்தில், ஹெக்டேருக்கு 3 கிலோ விதை போதும். ஒரு துணிப்பையில் அடங்கிவிடும்.