இஸ்தானாவைக் கட்டிய கைகள்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தீபாவளிக்குப் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்ட இஸ்தானா மாளிகையைக் குழந்தைகளோடு சுற்றிப் பார்த்தாராம். "இதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்கிறார்.

உண்மைதான். ஆர்ச்சர்ட் சாலையோரம் பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. அந்தப் பயிர் நோயில் அழிந்தபின் நிலத்தை வாங்கிய ஆளுநர் ஹாரி ஓர்ட், 1867-இல் மாளிகை வேலையைத் தொடங்கினார். வரைந்தவர் பொறியாளர் மெக்நேர். 1869-இல் வேலை முடிந்தது. ஆளுநர் மாளிகையாக இருந்தது, 1959-க்குப் பிறகு இஸ்தானா ஆயிற்று. இவையெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கைதிகளின் கதை. தீவாந்தர தண்டனை பெற்றவர்கள் 1825 முதலே சிங்கப்பூரில் இருந்தார்கள். அவர்களை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவர் காலில் விலங்கோடு வேலை செய்ய வேண்டும். நன்னடத்தை காட்டினால் விலங்கு கழலும். மேல் வகுப்புக்கு உயர்ந்தவர்களிலிருந்தே தபேதார், தண்டல், பியூன் என்று காவல் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கைதிக்குக் கைதியே காவல்! பின்னாளில் மெக்நேர் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சிறைக்குள் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். செங்கல் அறுத்தார்கள், சுண்ணாம்பு சுட்டார்கள், கல் உடைத்தார்கள், தச்சும் கொல்லும் பழகினார்கள். இஸ்தானாவுக்கு முன்பே புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இதே உழைப்புதான். அதன் சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் பளபளக்கத் தேய்த்தார்கள். அதற்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. எங்கள் தாத்தா வீட்டு முகப்புச் சுவரும் வெள்ளைக்கரு சேர்ந்த பூச்சுதான். சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். அந்தப் பதம் வருவதற்கு எத்தனை கை அரைத்திருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

இத்தனை கைத்திறனையும் "கைதிகளின் உழைப்பு" என்ற இரண்டே சொல்லில் தாண்டிப் போகிறோம். அரண்மனை என்றால் வரைந்தவர் பெயரும் ஆளுநர் பெயரும் நாவில் வருகின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறவர்கள் புல்வெளியில் படம் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாளிகைச் சுவர் முன்னால் நிறுத்தி, இதைக் கட்டியவர்கள் கடல் கடத்தப்பட்டவர்கள், அவர்களில் சென்னை மாகாணத்து ஆட்களும் உண்டு என்பதையும் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்திலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

1873-இல் அந்தச் சிறை மூடப்பட்டது. தண்டனைக் காலம் மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். வெளியே வாழ அனுமதி பெற்றிருந்தவர்கள் மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் சிங்கப்பூரிலேயே தங்கி, ஊர் மக்களோடு கலந்துவிட்டார்கள்.