கட்டுமான விளையாட்டிற் படவுரு: சில குறிப்புகள்

கணினித் திரையில் ஆடப்படும் கட்டுமான விளையாட்டுகளை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கும் மனப்பாங்கு எம்மிடையே உண்டு. ஆயினும், சொல்லின் துணையின்றிப் படம் எவ்வாறு பொருளுணர்த்துகின்றது என்ற பழைய வினாவுக்கு அங்கே நல்லதோர் உரைகல் கிடைக்கின்றது. ஆடுவோர் தாமே ஆக்கிச் சேர்க்கும் புதிய கட்டைகளுக்கு வரையப்படும் சிறு படவுருக்களையே இங்கு கருதுகின்றோம்.

'லுவாண்டி' என்பதனை எடுத்துக்கொள்வோம். 2010இல் பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா தொடக்கிய இக்கட்டற்ற மென்பொருள், 2024 வரை 'மைன்டெஸ்ட்' என வழங்கிற்று. புதிய பெயர், ஆக்கம் எனப் பொருள்படும் பின்னிய மொழிச் சொல்லையும் 'லுவா' என்ற நிரல்மொழியின் பெயரையும் இணைத்து அமைந்தது. லுவா 1993இல் பிரேசிலின் றியோ டி ஜனெய்ரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலே தோன்றியது. கணினிக் கருவிகள் யாவும் வட அமெரிக்காவிலேயே பிறக்கின்றன என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. லுவாவிற் சில வரிகள் எழுதத் தெரிந்த எவரும் ஒரு புதிய கட்டையை இவ்விளையாட்டிற் சேர்த்துவிடலாம்.

சேர்த்த கட்டை, திரையின் அடியிலுள்ள பட்டியில் ஒரு சிறு கட்டத்தினுள் தோன்றவேண்டும். அத்தகைய கட்டங்கள் வழமையாக எட்டு. ஆக்கியோர் தனியாகப் படவுரு தராவிடின், இயந்திரமே கட்டையின் முகப்படங்களைக் கொண்டு ஒரு கனசதுரத்தைச் சரிவாகக் காட்டும். மேல்முகமும் இரு பக்கமுகங்களும் தெரியும். ஏனைய மூன்றும் மறையும். கல், மண், மரக்குற்றி ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால், சிறப்புக்கூறு பின்புறத்திலோ அடியிலோ அமைந்த கட்டை, அயற்கட்டத்திலுள்ள கட்டையிலிருந்து பிரித்தறியப்படமாட்டாது. படத்திற் பொய்யில்லை, பயனுமில்லை. படவுருவின் பணி பொருளை முழுமையாக ஒத்திருப்பதன்று, அயலிலுள்ள குறிகளிலிருந்து அதனை வேறுபடுத்துவதே என்பது இதனாற் புலனாகும். மொழியியல் பயின்றோர்க்குச் சொசூரின் கருத்து இங்கு நினைவுக்கு வரலாம்.

இதனைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டவர் ஓட்டோ நொய்ராத். 1925இல் வியன்னாவிற் சமூகப் பொருளாதார நூதனசாலையைத் தொடக்கிய அவர், மாரி றைடமைஸ்ரர், கேர்ட் ஆர்ண்ட்ஸ் முதலியோருடன் சேர்ந்து, புள்ளிவிபரங்களைத் தொழிலாளருக்குப் படங்களால் விளக்கும் முறையொன்றை உருவாக்கினார். பின்னர் 'ஐசோடைப்' எனப் பெயர்பெற்ற அம்முறையில், பேரளவைக் காட்டக் குறியைப் பெரிதாக்கலாகாது. அதே குறியை மீண்டும் மீண்டும் அடுக்கவேண்டும். ஆர்ண்ட்ஸ் லினோலியத்திற் செதுக்கி அச்சிட்டார். அவர் வடிவமைத்த குறிகள் ஏறத்தாழ 4,000. 1934இல் ஒஸ்ரியச் சோசலிசவாதிகள் நசுக்கப்பட்டபோது இக்குழுவினர் நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் பெயர்ந்தனர். முற்போக்கான இம்முயற்சியிலும் ஒரு குறையுண்டு. மனித இனங்களைக் காட்டுகையில் தலைப்பாகை, கூம்புத் தொப்பி என்பவற்றையே அது அடையாளமாகக் கொண்டது. சுருக்கும் கை எதனை எஞ்சவிடுகின்றது என்பது அரசியலற்ற வினாவன்று.

அவ்வினா 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட சதுரத்தில் மிகக் கூர்மையடைகின்றது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை ஒருவர் கட்டையாக ஆக்குவாராயின், இருப்பவை 256 புள்ளிகளே. ஓலைக்கீற்று ஒன்றுக்கு இரு புள்ளிகளும் அதன் நிழலுக்கு ஒரு புள்ளியும் வேண்டுமெனின், குறுக்கே ஐந்து கீற்றுகளே அடங்கும். பின்னலின் சாய்வு தப்புமாயின் கிடுகு கிடுகாகத் தெரியும். அது போய்விடின் வெறும் மரப்பலகையே தெரியும். பெரிய படமொன்றை இயந்திரத்தாற் சுருக்கிப் பெறுவோர் பெரும்பாலும் பலகையையே பெறுவர். வண்ணங்கள் கலந்து சேறாகின்றன. எனவே உரிய அளவிலேயே, புள்ளி புள்ளியாக வரைதல் வேண்டும். ஒளி ஒரே திசையிலிருந்து விழவேண்டும். பின்னணி முற்றாக ஒளிபுகுவதாக இருத்தல் வேண்டும். ஓரங்களில் அரைகுறையாக விடப்படும் புள்ளிகள் இருண்ட கட்டத்தில் அழுக்குப்போலத் தெரியும்.

இவ்வுழைப்பு யாருக்கு உரியது? 2014இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் 250 கோடி டொலருக்கு வாங்கிய 'மைன்கிராவ்ற்' விளையாட்டின் படங்கள் நிறுவனத்தின் சொத்து. அவற்றைப் பிரதிபண்ணித் தம் கட்டைக்குப் பயன்படுத்துவது உரிமை மீறலாகும். லுவாண்டியைச் சூழ்ந்தோரோ தம் படங்களிற் பெரும்பாலானவற்றைத் திறந்த உரிமங்களின் கீழ் வெளியிடுகின்றனர். அவற்றுட் பரவலாக வழங்கும் ஒன்றின்படி, எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். வரைந்தவர் பெயரைக் குறிப்பிடவேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தின் கீழ் விடவேண்டும். நிரலை ஒருவரும் படவுருவை மற்றொருவரும் ஆக்கியிருப்பின், கட்டையுடன் செல்லும் உரைக்கோப்பில் இரு பெயர்களும் தனித்தனியே எழுதப்படுகின்றன.