பிள்ளைக்கு முதல் கோல்ப் மட்டை: வலமா, இடமா?

கோல்ப் மட்டை வாங்குவதைப் பற்றி எங்கள் சஞ்சிகையில் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். எங்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் இருந்த காலத்தில் கோல்ப் என்றால் நுவரெலியாவில் துரைமார் விளையாடுகிற விளையாட்டு என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கொழும்பில் 1879 ஆம் ஆண்டே இதற்கு ஒரு கழகம் தொடங்கிவிட்டார்கள் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தோம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, 2010 இல் இந்த நாட்டுக்கு வந்து, அன்றிலிருந்து தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு இந்த விளையாட்டோடு என்ன சொந்தம்?

சொந்தத்தைக் கொண்டுவந்தது எங்கள் மகள். வயது ஆறு. அவளோடு படிக்கிற பிள்ளை ஒன்று கோல்ப் பழகப் போகிறதாம், தானும் போகவேண்டுமாம். இரண்டு கிழமை காதைத் தின்றாள். விசாரித்துப் பார்த்தோம். ரொறன்ரோ நகரசபைக்குச் சொந்தமாகவே ஐந்து கோல்ப் மைதானங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று டென்ரோனியா பார்க். விக்ரோறியா பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பதினெட்டுக் குழிகளும் கிட்டக் கிட்ட இருக்கிற சின்ன மைதானம். ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதியில் இன்னொன்று. இவ்வளவு காலமும் பஸ்ஸில் போகும்போது அந்த வேலியைப் பார்த்திருக்கிறோம். உள்ளே எங்களைப் போன்றவர்களும் போகலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வகுப்புக்குப் பதிந்தோம். இனி மட்டை வேண்டும்.

எங்களோடு வேலை செய்கிற வயதான போர்த்துக்கேயர் ஒருவர், வாரவிடுமுறையில் கோல்ப் விளையாடுகிறவர், தன்னுடைய பழைய ஏழாம் இலக்க மட்டையொன்றைக் கொண்டுவந்து தந்தார். "வெட்டிக் குடு, பிள்ளைக்குக் காணும்" என்றார். எங்கள் தொழிற்சாலையில் குழாய் வெட்டுகிற மெசின் இருக்கிறது. போர்மனிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் பதினொரு அங்குலத்தை வெட்டி எடுத்தோம். வெட்டின முனையைத் தேய்த்து மழுக்கி, பழைய றப்பர் பிடியையே அளவாக நறுக்கித் திரும்பப் பூட்டினோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. காசு ஒரு சதமும் செலவில்லை. வீட்டுக்கு வரும்போது எங்களுக்குச் சரியான பெருமை.

பிள்ளை அதைத் தூக்கி ஓங்கினாள். மட்டை போன பக்கம் பிள்ளையும் போனாள்.

குழாய் வேலை செய்கிற எங்களுக்கு இது முதலே விளங்கியிருக்க வேண்டும். நீளமான குழாய் வளையும், கட்டையான குழாய் வளையாது. பெரியவர்களின் உருக்குத் தண்டை வெட்டினால் அது இன்னும் விறைப்பாகிறது. சின்னக் கைக்கு அதில் ஒரு துள்ளலும் வராது. வெட்டுவது தண்டை மட்டும்தான், கீழே இருக்கிற இரும்புத் தலை அப்படியே இருக்கிறது. அடுத்தநாள் வேலையில் தராசில் வைத்துப் பார்த்தோம்: 380 கிராம். பிறகு கடையில் பிள்ளைகளுக்கென்று செய்த மட்டையைக் கையில் எடுத்தபோது அது ஏறக்குறைய நூறு கிராம் குறைவு. பிடியும் அப்படித்தான். பெரியவர்களின் பிடி பிள்ளையின் விரலுக்குள் அடங்காது. அடங்காததை இறுக்கிப் பிடிப்பாள், தோள் உயரும், உடம்பு முழுக்க ஆடும். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

ரைகர் வூட்ஸ் 1978 இல் இரண்டு வயதுக் குழந்தையாகத் தொலைக்காட்சியில் பந்தடித்துக் காட்டினவர். அவருக்கும் தகப்பன் வெட்டிக் கொடுத்த மட்டைதானே என்று போர்த்துக்கேயர் விடவில்லை. உண்மைதான். அந்தக் காலத்தில் வேறு வழியும் பெரிதாக இல்லை. பிள்ளைகளின் உயரத்துக்கு அளந்து மட்டை செய்கிற யு.எஸ். கிட்ஸ் நிறுவனம் தொடங்கினதே 1997 இல்தான். இப்போது இருக்கும்போது ஏன் வெட்டவேண்டும்?

ஆனால் எங்களுடைய பெரிய பிழை வெட்டினது அல்ல.

முதல் வகுப்பில் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் பார்த்து நிற்க, எங்கள் மகள் மாத்திரம் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மட்டையைப் புரட்டி, அதன் முதுகால் பந்தை அடித்தாள். பந்து எங்கேயோ போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டையைப் புல்லில் வைத்துவிட்டு எங்களிடம் வந்து, "எனக்குப் பிழையான கை. நான் வரேல்லை" என்றாள்.

பிழையான கை என்று அவளுக்கு யார் சொன்னது? நாங்கள்தான். அவள் இடக்கைக்காரி. இரண்டு வயதிலேயே தெரிந்தது. அம்மம்மா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அந்தக் கையைத் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றினா. பெரியவர்களுக்கு ஏதாவது கொடுக்கும்போது "நல்ல கையால குடு" என்று நாங்களும் சொன்னோம். அம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். அவ வளர்ந்த முறை அது, சாப்பாட்டுக்கு இன்றும் எங்கள் வீட்டில் வலக்கைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தன் கையையே பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிரவு வீட்டில் ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை.

ஊரில் தென்னம்மட்டையைச் செதுக்கித்தான் கிரிக்கெட் விளையாடினோம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் பெரிதாக இல்லை, எந்தக் கைக்காரனும் எடுத்து அடிக்கலாம். கோல்ப் மட்டை அப்படியல்ல. அதற்கு ஒரு முகம்தான். வலக்கை மட்டையை இடக்கைப் பிள்ளையிடம் கொடுத்தால் அவள் முதுகாலேதான் அடிக்கவேண்டும். இதை யோசிக்காமல் வாங்கினதை என்ன சொல்ல!

வகுப்பெடுக்கிற இளம்பெண் நல்லவ. எழுதுகிற கையை வைத்து முடிவு செய்யவேண்டாம், பிள்ளை தானாக எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பாருங்கள் என்றா. இதை வைத்து நாங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்தோம். ஒரு பழைய துடைப்பத்தையும் தெனிஸ் பந்தையும் நடு அறையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். முன்னாலே நின்று அடித்துக் காட்டக்கூடாது, காட்டினால் பிள்ளை எங்களைப் பார்த்து அதேமாதிரி நிற்கும். அமெரிக்காவின் பில் மிக்கல்சன் மற்ற வேலையெல்லாம் வலக்கையால் செய்கிறவர். குழந்தையில் தகப்பனுக்கு எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பழகியதால் இடப்பக்க ஆட்டக்காரர் ஆனார். எங்கள் மகள் மூன்று நாளும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கமே நின்றாள். தம்பிக்காரன் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம். சந்தேகம் தீர்ந்தது.

கனடாவில் இடக்கைக்காரர் வெட்கப்படத் தேவையே இல்லை. ஐஸ் ஹொக்கி பழகின நாடு என்பதால் இங்கே இடப்பக்கம் நின்று கோல்ப் அடிக்கிறவர்கள் மற்ற நாடுகளைவிட அதிகம். ஒன்ராறியோவில் பிறந்த மைக் வியர் அப்படி ஒருவர். பதின்மூன்று வயதில், நான் வலப்பக்கம் மாறவேண்டுமா என்று ஜக் நிக்கலசுக்குக் கடிதம் எழுதினார். இயல்பாக வருகிற பக்கத்திலேயே நில் என்று பதில் வந்தது. 2003 இல் அவர் மாஸ்ரேர்ஸ் போட்டியை வென்றார். அப்படியொரு பெரிய போட்டியை வென்ற முதல் கனடிய ஆண் அவர்தான். இந்தக் கதையை மகளுக்குச் சொன்னோம். அம்மம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தா. "அந்தப் பெடியன் எந்தக் கையால சாப்பிடுறான்?" என்று மட்டும் கேட்டா. வியர் மற்றவற்றுக்கு வலக்கைக்காரர்தான் என்று சொன்னதும் அவவுக்குப் பெரிய ஆறுதல்.

இனி வாங்கின கதை. பிள்ளைகளின் மட்டையை வயதைப் பார்த்து வாங்கக்கூடாது, உயரத்தைப் பார்த்து வாங்கவேண்டும். மேலே சொன்ன நிறுவனத்தின் மட்டைகளில் 39, 42, 45, 48 என்று மூன்று மூன்று அங்குலமாக இலக்கம் போட்டிருக்கும். அது மட்டையின் நீளமல்ல, பிள்ளையின் உயரம். எங்கள் மகள் சப்பாத்தோடு 44 அங்குலம், ஆகவே 45. இதில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். வளருகிற பிள்ளைதானே என்று மாரிக்கால உடுப்பை இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கையை மடித்துவிடுகிறோம். மட்டையின் கையை மடிக்க முடியாது. ஒரு அங்குலம் கூடினால் கீழே இறக்கிப் பிடிக்கலாம், அதற்கு மேலே போனால் முனை வயிற்றில் இடிக்கும்.

கடைக்காரர் முழுத் தொகுதியை எடுத்து மேசையில் வைப்பார். பை, அதற்கு உறை, எல்லாம் இருக்கும். விதிப்படி பெரியவர்களே பதினான்கு மட்டைக்கு மேலே கொண்டுபோக முடியாது. ஆறு வயதுக்கு மூன்று காணும். பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பற்றர் ஒன்று (வெண்ணெய் அல்ல!), நடுத்தரமான ஏழாம் இலக்கம் ஒன்று, பந்தை உயரக் கிளப்புகிற சரிந்த முகமுள்ள அகலமான தலை மட்டை ஒன்று. தண்டு கிராபைற்றாக இருந்தால் நல்லது, உருக்கைவிடப் பாரம் குறைவு. கையுறை, விசேட சப்பாத்து ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடச் சப்பாத்தே போதும்.

புதிதாக வாங்க எங்களிடம் காசு இல்லை. ஓவர்ரைம் நின்றிருந்த நேரம். பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற கடைகளில் தேடினோம். வலக்கை மட்டை வாளி வாளியாகக் கிடந்தது. இடக்கைப் பிள்ளை மட்டைக்கு மூன்று சனிக்கிழமை அலைந்தோம். கடைசியில் 45 இலக்கத்தில் மூன்றும் ஒரு பையோடு 40 டொலருக்குக் கிடைத்தது. தலை ஆடுகிறதா, தண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. தட்டிப் பார்த்தே எடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை. கோல்ப் பந்து 46 கிராம்தான், ஆனால் கல்லுப்போல. அடுக்குமாடி வீட்டுக்குள் பஞ்சுப் பந்து மட்டும் கொடுங்கள். பந்தைவிடப் பயம் மட்டைதான். ஒரு பிள்ளை ஓங்கும்போது மற்றது பின்னால் வந்து நிற்கும். தம்பிக்காரனுக்கு ஓரமாகக் கம்பளத்தில் ஒரு நாடாவை ஒட்டி, அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். தாண்டுகிறான். அப்போது மட்டையை வாங்கிப் பூட்டிவிடுகிறோம்.

புது மட்டையோடு போன முதல் நாள், மகள் எதிர்ப்பக்கம் திரும்பித்தான் நின்றாள். இந்த முறை மட்டையின் முகம் பந்தைப் பார்த்தது. மூன்று தடவை காற்றை வெட்டினாள். நாலாவது பந்து ஒரு இருபது அடி நேரே போனது. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருகிற கோடைக்கு அவளுக்கு இந்த அளவு காணாது. தம்பிக்கு இது உதவாது, அவன் வலக்கை. 44, 45 அங்குல உயரத்தில் இடக்கைப் பிள்ளை உள்ள வீடு யாராவது இருந்தால் ஆசிரியர் மூலமாக அறியத்தாருங்கள். காசு வேண்டாம். வெட்டின பழைய மட்டையும் இருக்கிறது, அதை ஒருவருக்கும் கொடுக்க மாட்டோம். பல்கனியில் தக்காளிக் கன்றுக்குத் தடியாக ஊன்றியிருக்கிறோம்.