பழைய ஜீப்பில் சத்தமா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

இயற்கை விவசாயத்தில் கடையில் வாங்குவது குறையும், சுமப்பது கூடும். இரண்டு மூட்டை யூரியா போன இடத்துக்கு இப்போது டன் கணக்கில் தொழு உரம் போகணும். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால் ஒரு டிரம்மே ஏறக்குறைய 200 கிலோ. மூடாக்குக்குத் தென்னை மட்டை, மாட்டுக்குத் தீவனம், சந்தைக்குக் காய். மழைக்குப் பிறகு கரிசல் மண்ணிலும் மலையடிவாரத் தோட்டத்துத் தடத்திலும் மினி லாரி சிக்கிக்கொள்ளும். அதனால்தான் கொங்கு நாட்டில் இன்னும் பல தோட்டத்துச் சாலைகளில் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது.

அந்த ஜீப்பில் ஒருநாள் புதுச் சத்தம் கேட்கும். உடனே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "கியர் பாக்ஸ் போச்சுங்க", "கிரவுன் பினியன் மாத்தோணும்ங்க", "பேசாம வித்துப்போடுங்க". என் ஜீப்புக்கும் இப்படித்தான் ஒரு பட்டறையில் கியர் பாக்ஸ் முழுசாக மாற்றணும் என்றார்கள். கேட்ட தொகைக்கு நல்ல கறவை மாடு ஒன்று வாங்கிவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் பீளமேட்டில் இன்னொருவரிடம் காட்டினேன். மோட்டாரும் பம்பும் லேத்துமாக வளர்ந்த ஊர் அது. ஜி.டி. நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியில், 1937-ல் இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் வெளிவந்தது அங்கேதான். அந்த மெக்கானிக் வண்டியைத் தொடவே இல்லை. "ஏனுங்ணா, சத்தம் எங்கிருந்து வருதுன்னு நீங்க சொல்ல வேண்டாம்ங்க. எப்பெப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இது நமக்குப் பழக்கமான கேள்விதான். பயிர் மஞ்சளானால் எந்த இலை மஞ்சள் என்றுதானே முதலில் பார்க்கிறோம்? அடியிலை என்றால் தழைச்சத்துக் குறை, குருத்து என்றால் இரும்பு அல்லது கந்தகக் குறை என்று யோசிக்கிறோம். வண்டியும் அப்படித்தான். இரும்புச் சட்டம் வழியாகச் சத்தம் ஓடும் என்பதால், பின்னால் கிளம்பியது முன்னால் கேட்கும். காது இடத்தைத் தப்பாகக் காட்டும். எப்போது வருகிறது என்பது அப்படி ஏமாற்றாது.

வண்டியின் அமைப்பு

1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களைக் கோத்து விற்கத் தொடங்கியது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ், அங்கிருந்து முன்னும் பின்னும் ஒவ்வொரு புரொபெல்லர் ஷாஃப்ட், ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ், பிறகு டிப்ரன்ஷியல், கடைசியில் சக்கர பேரிங். பல பத்தாண்டுகள் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. அதனால் எஞ்சினில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாகக் கழித்துக்கொண்டே போகலாம்.

முதல் சோதனை: நின்ற இடத்தில்

எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், கிளட்சிலிருந்து காலை எடுங்கள். சத்தம் கேட்கிறதா? கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பாக்ஸின் முன் பேரிங் மீது சந்தேகப்படலாம். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கையும் பார்க்கணும். நிற்கும்போது எதுவுமே கேட்கவில்லை என்றால் அடுத்த சோதனை.

இரண்டாவது: உருளும்போது

ஆளில்லாத சமதளச் சாலையில், சத்தம் வரும் வேகத்தில் போய் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. சத்தம் அப்படியே தொடர்ந்தால், அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பாகங்களில் இருக்கிறது. அதாவது டிரான்ஸ்பர் கேஸிலிருந்து டயர் வரைக்கும். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பற்களைப் பார்க்கணும்.

தார் ரோட்டில் ஒரு மாதிரியும் மண் ரோட்டில் வேறு மாதிரியும் முனகினால் பெரும்பாலும் டயர்தான். ஆழமான பட்டன் டயர் எப்போதும் கொஞ்சம் பாடும்.

மூன்றாவது: மிதிக்கும்போதும் விடும்போதும்

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் அடங்குகிறது, அல்லது இதற்கு நேர் எதிர் என்றால் டிப்ரன்ஷியலின் கிரவுன், பினியன் பக்கம் போங்கள். வண்டி கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் ஒரு 'டக்' என்றால் கிராஸ் தேய்வு, அல்லது ஷாஃப்டின் சறுக்கு இணைப்பில் ஆட்டம். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல 'கிரீச் கிரீச்' என்று வந்து, வேகத்தோடு கூடினால் காய்ந்துபோன கிராஸ்.

நான்காவது: வளைவில்

வலது பக்கம் திருப்பினால் வண்டியின் எடை இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது முனகல் கூடினால் இடது சக்கர பேரிங். ஓடி வந்ததும் நான்கு ஹப்பையும் கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுவும் சாட்சி. பின்பக்கச் சத்தம் திரும்பும்போது மட்டுமே வந்தால், டிப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைப் பார்க்கணும்.

சேற்றில் ஃபோர் வீல் போட்டுவிட்டு, தார் ரோட்டுக்கு வந்தும் எடுக்காமல் ஓட்டினால் வளைவுகளில் வண்டி முறுக்கிக்கொண்டு 'டம்' என்று உதறும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. நடுவில் அதைச் சரிக்கட்ட ஏற்பாடு இல்லை. லிவர் வெளியே வராவிட்டால் அடித்து இழுக்க வேண்டாம். கொஞ்சம் பின்னால் ஓட்டினால் முறுக்கு விடும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றாலும் ஃபோர் வீலில் இதே தொல்லை வரும்.

என் வண்டியில் என்ன?

நிற்கும்போது சத்தமில்லை. நியூட்ரலில் உருளும்போதும் கிரீச் நிற்கவில்லை. கிளம்பும்போது ஒரு டக். இந்த மூன்றையும் கேட்டதும் மெக்கானிக் நேராகப் பின் ஷாஃப்டுக்குப் போனார். கிராஸின் மூடி ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தது. நிப்பிள் அடைத்து, உள்ளே கிரீஸ் போகாமல், ஊசி உருளைகள் துருப்பிடித்துத் தூளாகியிருந்தன. கிராஸ் மாற்றியதும் இரண்டு சத்தமும் போயின. கியர் பாக்ஸ் அதே பழையதுதான்.

ஆனாலும் இதைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிட முடியாது. சுமையோடு ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று தரையில் அடிக்கும். பழைய ஜீப்கள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் போனால் கை பிரேக்கும் போச்சு. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் டிப்ரன்ஷியல் வழியாக வண்டி உருளலாம். ஆகவே வண்டிக்கு அடியில் போகும் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள்.

சமதளத்தில் முட்டுக் கொடுத்து, நியூட்ரலில், ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கிராஸுக்கு உள்ளேயே ஆட்டம் தெரிந்தால் மாற்றும் நேரம். கழற்றும் முன் ஷாஃப்டிலும் இணைப்பிலும் பெயின்ட் குறி போடுங்கள்; மாறி மாட்டினால் அதிர்வு வரும்.

எண்ணெய் சொல்லும் சேதி

டிப்ரன்ஷியல், கியர் பாக்ஸ் எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். மோர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாக எண்ணெய் கசியும். கையில் இரும்புச் சில்லு தட்டுப்பட்டால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். டிப்ரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் என்று ஊற்றாதீர்கள். சிலவகை எண்ணெய் கியர் பாக்ஸின் பித்தளைப் பாகங்களை அரிக்கும். கையேட்டில் உள்ள தரத்தைப் பாருங்கள்.

சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கிய பிறகு எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே வரும் வரைக்கும். வடித்த எண்ணெயைக் கரையானுக்கென்று வேலிக் கம்பில் பூசுவதும் வரப்பில் ஊற்றுவதும் இயற்கைத் தோட்டத்தில் வேண்டாம். கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் கொஞ்சம் ஊளையிடத்தான் செய்யும். புதிதாகத் தொடங்கிய சத்தமும் நாளுக்கு நாள் கூடுகிற சத்தமும்தான் கவலைக்குரியவை. நின்ற இடமா ஓட்டமா, எந்தக் கியர், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்க வளைவு என்று நான்கு வரி எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லும் முன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.