தகட்டின் அடியில் கிடந்த பனி

சுவிற்சர்லாந்தின் கிறவுபுண்டன் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் வாழும் என் தம்பி, வீட்டுப் பின்புறத்துப் புற்றரையிலே பன்னிரண்டு சூரிய மின்தகடுகளை இரு வரிசையாக நிறுவியிருந்தான். கூரை போதிய வெயில் படாத பக்கம் நோக்கியது. ஆதலால் நிலத்திலே சட்டமடித்துப் பொருத்த வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுச் சேமிப்பு அதிலே போயிற்று. நான் அங்கு சென்றது தை மாதத்தில். சென்ற மூன்றாம் வாரம் ஒரு காலையில், கீழ்வரிசைத் தகடுகள் ஆறும் அடிச்சட்டம் வளைந்து, கண்ணாடி சிலந்திவலைபோல் வெடித்திருக்கக் கண்டோம்.

அவன் பனியைப் பொருட்படுத்தாதவன் அல்லன். நாடோறும் வேலைக்குப் போகுமுன், நீண்ட கம்பின் நுனியில் நுரைப்பஞ்சு பொருத்திய கருவியால் தகடுகளை வழித்துவிட்டே செல்வான். நானும் உடன் நின்று வழித்திருக்கிறேன். இரும்பு மண்வெட்டியைத் தொட்டதில்லை. வெந்நீர் ஊற்றியதில்லை, உறைந்த கண்ணாடி திடீரெனச் சூடுபட்டால் வெடிக்கும். தகட்டின்மேல் ஏறியதுமில்லை, ஏறினால் உள்ளிருக்கும் சிலிக்கன் கலங்களிற் கண்ணுக்குப் புலனாகாத கீறல் விழும். இவ்வளவு காத்தும் முறிந்தது எதனால்?

தம்பி தகட்டின் அத்தாட்சிப் பத்திரத்தை மேசையில் விரித்தான். 5400 பஸ்கால், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 550 கிலோகிராம், பாரம் தாங்கும் என்று அதிலே கண்டிருந்தது. புதிதாக விழும் பனி கனமீற்றருக்குப் பெரும்பாலும் 100 கிலோகிராமுக்கு உட்பட்டது. நாட்பட்டு அமிழ்ந்த பனி 300 வரை வரும். எங்கள் தகட்டின்மேல் ஒரு மீற்றர்ப் பனி ஒருநாளும் நின்றதில்லை. கணக்கின்படி அது முறிந்திருக்கவே கூடாது. வாழ்நாளெல்லாம் கணிதம் கற்பித்தவன் நான். இருமுறை போட்டுப் பார்த்தேன்.

விடை அயல்வீட்டு முதியவரிடமிருந்து வந்தது. மாடு வளர்ப்பவர். அவர் தகட்டின் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து அடியைப் பார்த்தார். பின்பு, இலையுதிர்காலத்திற் கழற்றிச் சுருட்ட மறந்துபோன தம் வேலிக் கம்பியொன்றைக் காட்டினார். பனிக்குட் புதையுண்ட அக்கம்பி வில்லாக வளைந்து தொங்கிற்று. அதன்மேல் எவரும் எதனையும் ஏற்றவில்லை. பனி தாழும்போது தன்னோடு இழுத்துப் போயிருக்கிறது.

எங்கள் தகடுகளின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து முக்கால் மீற்றர் உயரத்திலேதான் இருந்தது. தானாக வழுக்கிய பனியும், நாங்கள் வழித்துத் தள்ளிய பனியும் அவ்விடத்திலேயே குவிந்து, விளிம்பளவு உயர்ந்து, தகட்டின் மேற்பனியோடு ஒட்டி ஒரே பாளமாயின. விழுந்த பனி விழுந்தபடி கிடப்பதில்லை; தன் பாரத்தால் நாளுக்குநாள் இறுகித் தாழும். தாழ்கையில் அலுமினியச் சட்டத்தைப் பற்றிக் கீழே இழுக்கும். அத்தாட்சிப் பத்திரத்துச் சோதனையோ தகட்டின் முகமெங்கும் சுமையைச் சீராகப் பரப்பிச் செய்வது. சரிந்த தகட்டின் அடியிலே பனிப்பாரம் ஏற்றத்தாழ்வாகக் குவியும் நிலைக்கெனச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு தனியானதொரு சோதனை முறையை வெளியிட்டது 2020ஆம் ஆண்டிலேதான்.

"விழுந்த பனி முறிக்கேல்லை, அண்ணை. நாங்கள் வழிச்ச பனிதான் முறிச்சது" என்றான் தம்பி. அன்றிரவு அவன் சரியாக உண்ணவில்லை.

தகடுகளைப் பொருத்தியவர்கள் சமவெளியிலிருந்து வந்தவர்கள். தங்கள் ஊரில் வைக்கும் 30 பாகைச் சரிவையே மலையிலும் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்நாட்டு மலைகளுக்குரிய முறை வேறு. டாவோஸ் நகருக்கு மேலே, தொத்தால்ப் என்னுமிடத்தில், ஏறத்தாழ 2500 மீற்றர் உயரத்தில், 2017ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பரிசோதனை நிலையத்தில் தகடுகளைப் பல சரிவுகளில் நிறுத்தி அளந்தார்கள். செங்குத்தை அண்மிய தகட்டிற் பனி தங்குவதில்லை. அதுமட்டுமன்று, புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 வீதமளவைத் திருப்பியனுப்புவதால், இருமுகத் தகடுகள் முதுகாலும் மின்னை விளைக்கின்றன. மார்கழி நண்பகலில் அங்கே சூரியன் அடிவானிலிருந்து 20 பாகையே எழுகிறது. யாழ்ப்பாணத்திலோ 57 பாகை. நாம் 10 பாகையளவு சரித்து வைக்கும் தகட்டை அங்கே 60, 70 பாகைக்கு நிமிர்த்துவது பனிக்கும் ஏற்றது, வெயிலுக்கும் ஏற்றது. 2022 புரட்டாதியில் சுவிஸ் பாராளுமன்றம் மலைச் சூரிய மின்னிலையங்களை விரைவுபடுத்த இயற்றிய சட்டம், நிறுவிய ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் குளிர்கால அரையாண்டில் 500 கிலோவாற்று மணி கிடைத்தாக வேண்டும் என்று விதித்தது. பனியால் மூடுண்டு கிடக்கும் தகட்டால் அது இயலுமா?

வெயிற்காலம் வந்ததும் தம்பி எஞ்சிய ஆறையும் புதிதாக நிறுத்தினான். கீழ்விளிம்பு இரண்டு மீற்றர் உயரத்தில். சரிவு 65 பாகை. தகடுகளை நெடுக்காகவன்றிக் கிடையாகப் பொருத்தினான். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. அவனிடமிருந்த வகைத் தகட்டை நெடுக்காக நிறுத்தினால், அடியில் ஒரு சாண் பனி மறைத்தாலும் முழுவதும் ஓய்ந்துவிடும். கிடையாக வைத்தால் மூன்றிலொரு பங்கே ஓயும். புதிய தகடு வாங்கப் பணமில்லை. மேல்வரிசைக்கென நட்ட கால்கள் சில வெறுமனே நிற்கின்றன.

அடுத்த தையில் தொலைபேசியில் அழைத்தான். இரவு முழுவதும் பனி கொட்டியதாம். விடியப்புறத்தில் "தொம்" என்றொரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"எழும்பிப் போய்ப் பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆறு சத்தமும் கேட்டாப்பிறகு படுத்திட்டன். சனிக்கிழமை கீழை கிடக்கிறதை வெட்டி அங்காலை எறியவேணும்" என்றான்.