சாயத் தோட்டத்துக்கு ஓராண்டு போதுமா?

செடியிலிருந்து நிறம் எடுத்து மரபுத் துணியில் ஏற்ற விரும்பும் கலைஞர் ஓராண்டுக்குத் திட்டம் வகுக்கும்போது, எந்த மாதத்தில் எந்த நிறம் கைக்கு வரும் என்பதை அவருடைய கற்பனையைவிட மண்ணும் மழையுமே முடிவுசெய்கின்றன. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஆயர் ஈத்தாமில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிலவுவதோடு, நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் வெள்ளமாகவும் மாறுவதால், தமிழகத்துச் சாயக்காரரின் நாட்காட்டியை அங்கே அப்படியே கடைப்பிடிக்க இயலாது.

ஓராண்டுக்குள் நம்பிப் பயிரிடக்கூடியது அவுரி. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் விளையும் இச்செடி வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது. ஆகவே பெருமழை ஓய்ந்தபின் மேட்டுப்பாத்தியில் விதைத்து, மூன்று நான்கு மாதங்களில், பூப்பதற்குச் சற்று முன்பாக அறுத்தால், அடிக்கட்டை மீண்டும் தழைத்து இரண்டாம் அறுப்பும் கிடைக்கும். அறுத்த தழையைத் தொட்டி நீரில் ஊறவைக்கும்போது இலையிலுள்ள நிறமற்ற பொருள் நீரில் இறங்குகிறது. தழையை அகற்றி அந்நீரை ஓங்கி அடிக்க, காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்து நீலம் வண்டலாகப் படிகிறது. உலர்த்திய இக்கட்டி நீரில் கரையாதது என்பதால், வேகவைத்த தகரை விதையையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் புளிக்கவைத்தே மீண்டும் கரையும் நிலைக்குக் கொண்டுவருவர். அத்தொட்டியில் தோய்த்தெடுத்த துணி முதலில் மஞ்சட்பச்சையாகத் தோன்றி, காற்றுப்பட்டபின் நீலமாகிறது. 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பாஸ்ஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரி வயல்கள் சுருங்கின.

சிவப்போ பொறுமையைச் சோதிப்பது. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பைத் தந்த சாயவேர் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு செடியின் வேர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்ந்தால்தான் அதில் நிறம் திரளும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அவ்வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர் தம் கையில் வைத்திருந்ததிலிருந்து அதன் மதிப்பு விளங்கும். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில், துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துப் பதப்படுத்தும் முறையை விவரித்திருக்கிறார். கடுக்காயின் துவர்ப்பும் படிகாரத்தின் அலுமினியமும் சேர்ந்தே வேரின் சிவப்பைப் பருத்தி நூலில் நிலைநிறுத்துகின்றன. படிகாரம் படாத இடத்தில் சிவப்பு நிற்பதில்லை, அதுவே கலம்காரிக் கோலங்களின் அடிப்படை.

மழை மிகுந்த ஜொகூரில் சாயவேரை வளர்க்க முயல்வதைவிட, மலாய் நாட்டில் மெங்குடு எனப்படும், நுணாவுக்கு உறவான சிறுமரத்தை நாடுவதே அறிவுடைமை. அதன் வேர்ப்பட்டையும் பருத்தியில் சிவப்பேற்றும்; இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் படிகாரத்துக்கு மாற்றாக, தன்னுள் அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் லோபா என்னும் மரத்தின் இலையையும் பட்டையையும் பயன்படுத்துகின்றனர். ஆயினும் மெங்குடுவின் வேர் தடிக்கச் சில ஆண்டுகள் வேண்டும்.

இத்தகைய தோட்டத்துக்கு மரபுத் துணிகளுள் மிகக் கடினமான முன்மாதிரி, தஞ்சை மராத்திய அரச குடும்பத்தினருக்காகக் கொள்ளிடக் கரையில் உருவான கோடாலிக்கருப்பூர்ப் புடவை. ஜரிகையைத் தறியிலேயே ஊடுசேர்த்து நெய்து, பின்னர் மெழுகால் மறைத்துச் சாயமேற்றுவது அதன் முறை. அதன் வழிவந்த கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மெழுகால் மறைக்கும் உத்தி மலேசியப் பாத்தேக் கலைஞர்களுக்குப் பழகியதே. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணியும் காயின் பெலிக்காட் என்னும் பெயரில் அங்கே நிலைத்துவிட்டது.

எனவே முதலாண்டின் சேகரம் அவுரி நீலமும், இரண்டு மூன்று மாதங்களில் பூக்கும் செண்டுமல்லியின் மஞ்சளும், மங்குஸ்தான் தோல், உதிர்ந்த நாட்டுவாதுமை இலை ஆகியவற்றின் பழுப்புமாகவே அமையும். சங்குப்பூவின் நீலம் கண்ணைக் கவர்ந்தாலும் வெயிலில் விரைவில் மங்கிவிடும் என்பதால், அதைத் துணிக்கு நம்புவதற்கில்லை. சிவப்புக்கான மெங்குடுக் கன்றை அவ்வாண்டே நட்டாலும், சில ஆண்டுகளுக்கு வேர்ப்பட்டையை விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும்.