எழுத்தை வெளியிடக் கொடுக்கும் முன்: புதிய எழுத்தாளர் அறிய வேண்டியவை

ஒரு கதையையோ கட்டுரையையோ எழுதி முடித்தவுடன் எழும் முதல் கேள்வி, இதை எங்கே வெளியிடுவது என்பதாகும். அச்சிதழ், நூல் பதிப்பகம், இணைய இதழ், கலைக்களஞ்சியத் தளம், மின்னூல் என இன்று வழிகள் பல. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. வெளியிடக் கொடுக்கும்போது நாம் எதைக் கொடுக்கிறோம், எது நம்மிடம் தங்குகிறது? முதல் படைப்பு அச்சில் வரும் மகிழ்ச்சியில் பலர் இதைக் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே படைப்பைத் தொகுப்பில் சேர்க்கவோ மொழிபெயர்க்கக் கொடுக்கவோ முயலும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது.

பதிப்புரிமை எப்போது பிறக்கிறது?

எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. பேச்சு வழக்கில் இதைக் காப்புரிமை என்றும் சொல்வார்கள். ஆனால் காப்புரிமை என்ற சொல் புதிய கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் குறிப்பதால், எழுத்தைப் பொறுத்தவரை பதிப்புரிமை என்பதே தெளிவான சொல்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதை வரையறுக்கிறது. எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. பதிவு ஒரு கூடுதல் சான்று மட்டுமே. எழுத்தாளரின் வாழ்நாளில் வெளிவந்த படைப்புக்கு, அவர் வாழ்நாள் முழுவதும், மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளுக்கும் இவ்வுரிமை நீடிக்கும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி, மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள்.

சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தைத்தான், கருத்தை அல்ல. "ஒரு கிராமத்து ஆசிரியர் நூலகம் தொடங்குகிறார்" என்ற கருவை யாரும் எழுதலாம். நீங்கள் எழுதிய வாக்கியங்களை எடுத்துத் தம் பெயரில் போடத்தான் முடியாது.

ஒரு படைப்பு, பல உரிமைகள்

பதிப்புரிமை என்பது ஒற்றைப் பொருள் அல்ல. அச்சிடும் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, நாடகமாகவோ திரைப்படமாகவோ ஆக்கும் உரிமை, ஒலிவடிவ உரிமை, மின்னூல் உரிமை எனத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய பல உரிமைகளின் தொகுப்பு அது.

பாரதியாரின் படைப்புகள் இதற்குத் தமிழில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1921இல் அவர் மறைந்த பின், நூல்களை அச்சிடும் உரிமை அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்களிடம் இருந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமையோ கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் சென்றது. ஒரே பாடலை அச்சிட ஒருவரிடமும், ஒலிபரப்ப இன்னொருவரிடமும் இசைவு பெற வேண்டிய நிலை. இதற்கு எதிராக எழுந்த கோரிக்கையைத் தொடர்ந்து, 1949இல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. எல்லாருக்கும் இப்படி அரசு வந்து உதவாது. எனவே எந்த உரிமையைக் கொடுக்கிறோம் என்பதை எழுத்தாளரே பிரித்தறிந்து கொடுக்க வேண்டும்.

இதழ்களுக்கு அனுப்பும்போது

- அனுப்பப்போகும் இதழின் சில இதழ்களையாவது முதலில் படியுங்கள். அவர்கள் வெளியிடும் நீளம், பொருள், நடை ஆகியவை அதில் தெரிந்துவிடும்.
- ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையையும் இழப்பீர்கள்.
- வேறெங்கும் வெளிவராத படைப்பையே பல இதழ்கள் கேட்கின்றன. முகநூலிலோ சொந்த வலைப்பூவிலோ போட்டதையும் வெளிவந்ததாகவே கருதும் இதழ்கள் உண்டு. ஐயம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.
- அனுப்பிய நாள், இதழின் பெயர், கிடைத்த பதில் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எவ்வளவு காலத்தில் பதில் தருவார்கள் என இதழ் அறிவித்திருந்தால் அதுவரை காத்திருங்கள். அதன்பின் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டு வேறிடத்துக்கு அனுப்பலாம்.

இதழில் ஊதியம் பெறும் பணியாளராக இருந்து எழுதினால் நிலை சற்று வேறு. மாறான உடன்பாடு இல்லாதபோது, அவ்வெழுத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கே உரியது. நூலாக்குதல் போன்ற பிற உரிமைகள் எழுதியவரிடம் இருக்கும். வெளியிலிருந்து கதை அனுப்புபவருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் எழுத்தின் உரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய அவருடையதே.

பதிப்பகத்துடன் உடன்பாடு

நூல் வெளியீட்டில் வாய்மொழிப் பேச்சோடு நின்றுவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் உள்ளது. நட்பு கெட்டுவிடுமோ என்ற தயக்கமே காரணம். உண்மையில் நட்பைக் காப்பது எழுத்தில் உள்ள உடன்பாடுதான். சட்டப்படியும், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும்.

உடன்பாட்டில் பார்க்க வேண்டியவை:

1. எந்த உரிமைகள்? அச்சு மட்டுமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பும் சேர்த்தா? "அனைத்து உரிமைகளும்" என்ற ஒற்றை வரி இருந்தால் நின்று கேளுங்கள்.
2. எத்தனை ஆண்டுகள்? காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் எனக் கொள்கிறது. எந்த நாடு எனக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்.
3. எப்போது அச்சாகும்? வேறு காலம் குறிப்பிடாத நிலையில், உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும்.
4. உரிமைத்தொகை எவ்வளவு, எப்போது? பொதுவாக இது விலையில் ஒரு விழுக்காடு. 200 ரூபாய் நூலுக்கு 10 விழுக்காடு என்றால் படி ஒன்றுக்கு 20 ரூபாய். 500 படிகள் விற்றால் 10,000 ரூபாய். அச்சிட்ட படிகளுக்கா, விற்ற படிகளுக்கா, நூலக ஆணைக்குச் செல்லும் படிகளுக்கும் உண்டா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் எழுத்தாளரிடமே இருக்கும் எனச் சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகிறது.

இன்னொரு நடைமுறைச் செய்தி. சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ நடப்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் பதிப்பகங்கள் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். புதியவரின் கையெழுத்துப்படியைப் பொறுமையாகப் படிக்க அது ஏற்ற காலம் அல்ல.

சொந்தச் செலவில் வெளியிடுதல்

எழுத்தாளரே பணம் கொடுத்து நூல் கொண்டுவருவது தவறில்லை. ஆனால் எத்தனை படிகள் அச்சாகும், அவை யாருக்குச் சொந்தம், விற்பனை யார் பொறுப்பு, பக்க வடிவமைப்புக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பவற்றைப் பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

நூலுக்கான பன்னாட்டுத் தர எண்ணான ஐ.எஸ்.பி.என். 13 இலக்கங்கள் கொண்டது. இந்தியாவில் இதை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான அரசு முகமை கட்டணமின்றித் தருகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இந்த எண்ணை வாங்கவே பெரும் தொகை ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான நூலை 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். நீங்களே பதிப்பாளர் என்றால் அந்தக் கடமையும் உங்களுடையது. உங்கள் நூல் நிலையாகக் காக்கப்படுவதற்கும் இதுவே வழி.

இணையத்தில் எழுதும்போது

இணையத்தில் வெளியிடுவது எளிது, நிலைத்திருப்பது எளிதல்ல. ஜியோசிட்டீஸ் சேவை 2009இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. தம்மிடம் படி வைத்துக்கொள்ளாமல் அங்கு மட்டும் எழுதியவர்கள் தம் எழுத்தை இழக்க நேர்ந்தது. ஆகவே:

- படைப்பின் மூலக்கோப்பை உங்கள் கணினியிலும், வேறு ஓரிடத்திலும் சேமித்து வையுங்கள்.
- ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும், தேடுபொறியிலும் அகப்படாது.
- வெளிவந்த பக்கத்தின் முகவரியையும் நாளையும் குறித்து வைத்து, பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். பின்னாளில் யாரேனும் உங்கள் எழுத்தை எடுத்தாண்டால் அதுவே நல்ல சான்று.

அடுத்தது உரிமம். சில தளங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில், அதாவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தை வெளியிடுகின்றன. பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றாமல் பயன்படுத்தலாம் என இதில் வகைகள் உள்ளன. ஒருமுறை இவ்வுரிமத்தில் கொடுத்த படைப்பைப் பெற்றவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது இவ்வகையானது. அங்கு எழுதியதை யாரும் திருத்தலாம். சொந்தக் கருத்துக்கும் இடமில்லை. அறிவைப் பொதுவில் சேர்க்க அது சிறந்த இடம். நாளை நூலாக்கி அதன் உரிமையை ஒரு பதிப்பகத்துக்குத் தனியாகக் கொடுக்க எண்ணும் கதைக்கு ஏற்ற இடம் அல்ல.

பிறர் எழுத்தைப் பயன்படுத்தும்போது

நம் உரிமையைக் காக்க விரும்பும் நாம் பிறர் உரிமையையும் மதிக்க வேண்டும். திறனாய்வுக்காகவும் மதிப்புரைக்காகவும் சிறு பகுதிகளை மேற்கோள் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் சொல்ல வேண்டும். தேடுபொறியில் கிடைக்கும் படங்கள் எல்லாம் இலவசம் அல்ல. உரிமத்தைப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். நாட்டுடைமையான நூல்களை யாரும் அச்சிடலாம். ஆனால் அவற்றுக்கு இன்றைய அறிஞர் எழுதிய உரையும் முன்னுரையும் நாட்டுடைமை ஆகிவிடுவதில்லை.

அனுப்பும் முன்

எழுதியதை இரண்டு நாள் ஒதுக்கி வைத்து, பின் வாய்விட்டுப் படியுங்கள். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண வேறுபாடுகளையும் ஒற்று மிகும் இடங்களையும் சரிபாருங்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் மூல நூலோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, கொடுக்கப்போகும் இடத்தில் எந்த உரிமை, எத்தனை காலம், என்ன ஊதியம் என்பதற்கு விடை தெரிகிறதா எனப் பாருங்கள். தெரியவில்லையென்றால் கேளுங்கள். நேர்மையான பதிப்பாளர் இக்கேள்விக்கு வருத்தப்பட மாட்டார். வருத்தப்படுபவரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.